தரைக்கோட்டுக்குக் கீழே

டூஃபியே மேடம் எம்.ஃபில். படிக்கப் போகிறார் என்று தெரிந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் முதலில் சிரித்தவன் நான்தான்.

"படம் போடச் சொல்லிக் குடுக்க எம்.ஃபில்.லா? பிள்ளைங்க நீங்க கேக்காமலே கக்கூஸ் சுவர் பூராவும் போட்டு வச்சிருக்கே மேடம்."

"உங்க கணக்கு வகுப்புல தூங்காம இருக்கறதுக்கும் ஒரு டிகிரி குடுத்தா நல்லா இருக்கும் மாஸ்டர்" என்றார்.

அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஏழு வருடம். நான்காம் வகுப்பு ஆசிரியை, பள்ளி முழுவதற்கும் ஓவிய ஆசிரியை. சம்பளத்தோடு படிப்பு விடுப்பு கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டார். விடுப்புக்குத் தகுதியான பாடங்கள் என்று அரசு வெளியிடும் பட்டியலில் ஓவியக் கல்வி கிடையாது. மூன்று முறையும் இல்லை என்று வந்தது. கடைசியில் விடுமுறைக் கால வகுப்பில் சேர்ந்தார். நாங்கள் விடுமுறையில் காலை நீட்டிக் கிடக்கும்போது அவர் சிவப்புப் புழுதியில் மூன்று மணி நேரம் மினிபஸ்ஸில் நசுங்கி கூமாசிப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். பட்டம் வந்தால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை கிடைக்கும். ஆறு முழுவதும் பால் கலந்த டீ நிறத்தில் ஓடுகிற இந்தத் தங்கக்குழி ஊரை விட்டுப் போய்விடலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான்கு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்தார்.

ஆய்வுக்குப் பிள்ளைகளின் ஓவியங்களை எடுத்துக்கொண்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், தலைப்பு 'என்னுடைய ஒரு நாள்'. வியாழக்கிழமைகளில்தான் வரையச் சொல்வார், அன்றுதான் வகுப்பு நிறைந்திருக்கும். "வியாழன் அன்று வருகை அதிகம் என்பதால் அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று ஆய்வேட்டில் ஒரு வரி இருக்கிறது. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

வியாழன் எங்களுக்கு மண் தாயின் ஓய்வு நாள். அன்று யாரும் மண்ணைக் கொத்த மாட்டார்கள். விவசாயி கொத்த மாட்டான், போலீசுக்குப் பயப்படாத தங்கக்குழிக்காரனும் கொத்த மாட்டான். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

ஓவியங்களுக்கு மதிப்பெண் போட ஒரு முறை உண்டாம். அதில் முக்கியமானது தரைக்கோடு. எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு கோடு இழுத்து அதன்மேல் வீடு, மரம், மனிதர் எல்லாரையும் நிற்க வைப்பார்களாம். கோட்டின்மேல் நின்றால் மூன்று. கோட்டுக்குக் கீழே போனால் வளர்ச்சி போதவில்லை, சைபர். ஒருவரே மதிப்பிட்டால் செல்லாது, இன்னொருவரும் தனியாகப் போட்டு ஒத்துப்போக வேண்டும். அந்த இன்னொருவர் நான். இரண்டு பாட்டில் மால்ட் பானத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

நூற்றுப் பதினேழாம் தாள் பொமா போட்டது. நாலாம் வகுப்பு, ஒன்பது வயது, முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த பெண். தாளின் நடுவில் பழுப்பாக ஒரு கோடு. கோட்டின்மேல் ஒரு பெரிய பெண்ணும் ஒரு மரமும். கோட்டுக்குக் கீழே தலையில் தட்டோடு ஒரு சின்னப் பெண்.

"மேடம், இவ பள்ளத்துக்குள்ள நிக்கிறா" என்றேன்.

"கதை வேண்டாம் மாஸ்டர். கோட்டுக்கு மேலயா, கீழயா?"

"கீழ."

"அப்புறம் என்ன?"

சிவப்புப் பேனாவால் சைபர் போட்டேன். அவரும் முன்பே அதைத்தான் போட்டிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இருவரும் ஒத்துப்போயிருந்தோம். மேற்பார்வையாளர் டாக்டர் அசமானி அவரைப் பாராட்டினார். அன்று மேடம் வகுப்பு முழுவதற்கும் பொரித்த வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். பொமாவும் தின்றாள்.

மே மாதம் நான்கு நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை காலை தங்கக்குழி ஒன்றின் பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மண்ணுக்குள் ஆண்கள் இருவர், பொமா ஒருத்தி. அவளை ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்தார்கள்.

குழந்தைச் சாவுக்கு எங்களில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. பெற்றவள் அழவும் கூடாது. வெள்ளை உடுத்தி நிலக்கடலைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் இருக்க வேண்டும். யார் இதைக் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பொமாவின் தாய் மான்சா செவ்வாய்க்கிழமை வெள்ளைத் துணியோடு பள்ளிக்கு வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"மேடம், எம் பொண்ணு போட்டோ எதுவும் பள்ளிக்கூடத்துல இருக்கா? வீட்டுல ஒண்ணுமே இல்ல."

போட்டோ இல்லை. மேடம் ஓவியங்கள் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து நூற்றுப் பதினேழை எடுத்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத மான்சா அந்தத் தாளை ஒரே பார்வையில் படித்துவிட்டாள்.

"இது நான். மேல நின்னு மண்ணுத் தட்ட வாங்குவேன். இது அவ, கீழேருந்து தூக்கிக் குடுப்பா. இந்த மரத்துலதான் சோத்து மூட்டையத் தொங்க விடுவோம். சரியாத்தான் போட்டிருக்கா."

அப்புறம் ஓரத்தில் இருந்த சிவப்பைத் தொட்டாள்.

"இந்த முட்டை எதுக்கு மேடம்? எம் பொண்ணு எதைத் தப்பாப் போட்டா?"

மான்சா பதிலுக்குக் காத்திருந்தாள். அது வராது என்று தெரிந்ததும் தாளை மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே மேடம் மேசைமேல் பெட்டியைக் கவிழ்த்தார். சைபர் வாங்கியவற்றைப் பிரித்தோம். கோட்டுக்குக் கீழே ஆள் இருந்த தாள்கள் இன்னும் பத்தொன்பது. தட்டு, வாளி, மூங்கில் ஏணி, எல்லாம் விவரமாக இருந்தது. நாங்கள்தான் வளர்ச்சி போதாதவர்கள் என்று எனக்கு உறைத்தது. மேடம் பத்தொன்பது பெயரையும் ஒரு நோட்டில் எழுதினார். ஒரு நகல் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

மேடம் டாக்டர் அசமானியைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"பாவம்தான் டூஃபியே. நூத்திப் பதினேழ எடுத்துடு, தாள் தொலைஞ்சதுன்னு ஒரு அடிக்குறிப்பு போடு. மத்ததுல கை வைக்காத."

"மதிப்பெண் தப்பு சார்."

"தப்புன்னு நீ எழுதினா ஆய்வே போச்சு. ஆகஸ்டோட உன் பதிவு முடியுது. மறுபடி முதல்லேருந்து படிப்பியா? வாய மூடிட்டுப் பட்டத்த வாங்கிட்டுப் போம்மா."

அவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மேடம் மதிப்பெண்ணில் கை வைக்காமல் ஆய்வேட்டைக் கொடுத்தார். ஜூன் கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்களுக்கான ஜொல்லாஃப் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு நானும் கூமாசிக்குப் போனேன். எல்லாம் நன்றாகவே போயிற்று. புன்னகை, தலையாட்டல். கடைசியில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வயதான பெண்மணி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சும்மா கேட்டார்.

"ஏம்மா எல்லாப் படமும் வியாழக்கிழமை?"

வருகை அதிகம் என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். டாக்டர் அசமானி கண்ணாலேயே கெஞ்சினார். நானும் மனதுக்குள் சொல்லிவிடு, சொல்லிவிடு என்றுதான் இருந்தேன்.

"வியாழக்கிழமை குழி தோண்ட மாட்டாங்க மேடம். அதனாலதான் பிள்ளைங்க வகுப்புல இருந்தாங்க. எங்க இருக்கோம்னு அவங்க சரியா வரைஞ்சாங்க. நான் சைபர் போட்டேன். அதுல ஒரு பிள்ளை செத்துப் போச்சு."

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரை மணி நேரம் கழித்து முடிவைச் சொன்னார்கள். நேர்மை பாராட்டத்தக்கது, ஆனால் ஆய்வை ஏற்க இயலாது. சோற்றை யாரும் தொடவில்லை. திரும்பும்போது மினிபஸ்ஸில் மேடம் அழுதார். நான்கு வருடத்துக்காக அழுதாரா, பொமாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மறு வெள்ளிக்கிழமை காலைப் பள்ளி மணி அடித்ததும் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு குழிகளின் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. சரிந்த குழிக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று வெட்டியிருந்தார்கள். ஆட்கள் முறைத்தார்கள். மேடம் பம்பு இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, வகுப்பில் கூப்பிடுவது போலவே வருகைப் பதிவு எடுத்தார்.

பதினான்கு பேர் தட்டையும் வாளியையும் போட்டுவிட்டு ஏறி வந்து அவர் பின்னால் வரிசையாக நின்றார்கள். மீதி ஐந்து பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் குழியின் அடியிலிருந்து, மண்வெட்டிச் சத்தத்தோடு பதில் வந்தது.

"இருக்கேன் மேடம்."

அந்த ஐந்து பேரும் மேலே வரவில்லை.