ஏறிய ஒன்றரை வயது

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு பரீட்சை வைப்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருஷம். அறிவுச்செல்வியை அவள் அப்பா பொன்னன் கூட்டிக்கொண்டு போனபோது அவளுக்கு மூன்றரை வயதுதான். தொடச் சொன்ன காதைப் பிடித்து இழுத்தே காட்டினாளாம். தலைமையாசிரியர் சிரித்துவிட்டு, ஐந்து வயது நிரம்பும்படி ஒரு மே மாதத் தேதியை எழுதிக்கொண்டார். அவள் பிறந்தது கார்த்திகையில், அதுவும் அடுத்த வருஷத்துக் கார்த்திகையில்.

பொன்னன் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் மூட்டை தூக்குபவர். அம்மா ராமாயி இளம்பிள்ளையில் தறிப்பட்டறைக்கு நூல் சுற்றப் போவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் மத்தியானம் சாப்பாடும் ஆச்சு. அந்த நீளக் கைதான் பிற்பாடு அவளைக் கூடைப்பந்துக்கும் இழுத்து வந்தது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் நாமக்கல்லில் ஓர் உறைவிடப் பள்ளி அவளுக்குச் சோறும் படிப்பும் இலவசமாகக் கொடுத்து அணியில் சேர்த்துக்கொண்டது.

அங்கேதான் எனக்கு அவளைத் தெரியும். நான் குட்டை. பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை, கூடைக்கடியில் நின்று வாங்கிப் போடுவது அவள் வேலை. இப்போது நான் இளம்பிள்ளையில் சேலை விற்கிறேன். நிஜத்தில் நான்தான் மூத்தவள், அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சர்டிபிகேட்டை எடுத்து வைத்தால் அவள் எனக்கு அக்கா, வகுப்பிலும் ஒன்று மேலே. அப்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

எங்கள் ஆட்டத்தில், சின்னவர்கள் அணியில் ஆட வைக்க வயதைக் குறைப்பதுதான் ஊர் வழக்கம். எங்கள் அறையிலேயே இருந்த கனிஷ்கா திருச்செங்கோட்டுக்காரி. அவள் அப்பா சிவக்குமாருக்கு போர் போடுகிற ரிக் வண்டி ஓடுகிறது, போகாத ஆபீஸ் இல்லை. கனிஷ்காவுக்குப் பூப்பு நன்னீராட்டு விழா நடந்தபோது நானும் செல்வியும் சின்னப் பிள்ளைகள். பந்தியில் உட்கார்ந்து இனிப்பைக் கேட்டு வாங்கித் தின்றோம். அப்பேர்ப்பட்டவள் ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்தபோது சர்டிபிகேட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் தங்கையாகியிருந்தாள். பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. குறைப்பது இப்படி, கேட்பாரில்லை. வயதைக் கூட்டி எழுதிக்கொண்டு வந்தவள் எனக்குத் தெரிந்து செல்வி ஒருத்திதான்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பி.டி. மாஸ்டர் சின்னுசாமி இதைக் கண்டுபிடித்துப் பொன்னனை வரச்சொன்னார். இப்போதே திருத்திவிடுங்கள், பத்தாவது எழுதிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது, விளையாட்டில் வேலை கிடைக்கிற வயதில் இது காலை வாரிவிடும் என்று விளக்கமாகவே சொன்னார். ஆனால் திருத்தினால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வயது போதாது, ஒரு வருஷம் நிறுத்த வேண்டும். பொன்னன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ஒரு வருசம் ஊட்ல உக்கார வெச்சா புள்ளயோட படிப்பே போயிருமுங்க சார். வாத்தியார் எழுதுனது அப்படியே இருக்கட்டுங்க."

அப்படியே இருந்தது. பதினாலரை வயதில் அந்தத் தேதி அவளைப் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து வெளியே தள்ளியது. எப்போதும் தன்னைவிடப் பெரிய பெண்களோடு மோதியே ஆடினாள். முழங்கையால் வாங்கிய இடி எத்தனையோ. அதனாலேயே நன்றாகவும் ஆடினாள். மாநில அணிக்குப் போனாள், கல்லூரியில் இலவசமாகப் படித்தாள். கனிஷ்கா அவளுக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

பெண் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிப்பது என்றால் இங்கே ஒரே வழிதான். ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் தன் அணிக்கு எடுத்து வேலை கொடுக்க வேண்டும். கொரோனா வந்து இரண்டு வருஷம் யாரையும் எடுக்கவில்லை. அது ஓய்ந்து சென்னையில் ஒரு நிறுவனம் ஆள் எடுத்தது. செல்வி ஆடிக் காட்டியதைப் பார்த்து அந்த அணியின் கோச் அன்றைக்கே கை குலுக்கிவிட்டார். வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவளுக்கு இருபத்து மூன்றுதான். சர்டிபிகேட்டில் இருபத்தைந்து முடிந்து சில வாரம் ஆகியிருந்தது.

நிஜ வயதைக் காட்ட முடியுமா என்று சேலத்தில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். எலும்பு வளர்ச்சியெல்லாம் முடிந்துவிட்டது, இனி இருபதா முப்பதா என்று அது சொல்லாது என்றார் டாக்டர். அவள் பிறந்ததோ வாழப்பாடிப் பக்கம் ஒரு வீட்டில், பதிவும் கிடையாது. கடைசியில் அந்தக் கோச்தான் நிறுவனத்து அதிகாரியிடம் கெஞ்சி ஒரு வழி பண்ணினார். அப்பா நேரில் வந்து சொல்லி எழுதிக் கொடுக்கட்டும், மேலே அனுப்பிப் பார்க்கிறேன், அதுவரை இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை என்றார் அதிகாரி.

துணைக்கு நானும் போனேன். ரயிலில் பொன்னன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், நல்ல மழை, பொழுது விடிகிற நேரம் பிறந்தாள் என்று. அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி காட்டினார். பொன்னன் உட்காரவில்லை. பெண் பிறந்தது எப்போது என்று கேட்டதற்குக் கார்த்திகை என்று ஆரம்பித்தார். அதிகாரி சர்டிபிகேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார்.

"அப்போ பள்ளிக்கூடத்துல பொய் சொல்லித்தான் சேத்தீங்களா?"

மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பொன்னன் தாளைப் பார்த்தார், அதிலிருந்த முத்திரையைப் பார்த்தார். இரண்டு கையும் தானாகக் கும்பிட்டுக்கொண்டது.

"இல்லீங்க சாமி. அதுல எப்படி இருக்குதோ அதுதானுங்க சரி."

செல்வி, "அப்பா" என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வாத்தியார் தப்பாக எழுதுவாருங்களா என்று அதிகாரியையே திருப்பிக் கேட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

அந்த இடம் கனிஷ்காவுக்குப் போயிற்று. அவள் போனில் செல்வியிடம் அழுதாள். அழுதுவிட்டுப் போய் வேலையில் சேர்ந்தாள். எனக்கு அவள்மேல் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. என் கோபமெல்லாம் பொன்னன்மேல்தான். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்குகிற மனுஷனுக்கு ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லையே. அன்றைக்குத் திரும்பி வந்து சேலம் ஜங்ஷனில் இறங்கியதும் செல்வி அவரிடம், நான் பிறந்த நாளைச் சொல்ல மட்டும்தானே உங்களைக் கூட்டிப் போனேன் என்று கேட்டாள். "கேசு கீசுன்னு ஆச்சுன்னா உன்ற பேரும் கெட்டுப்போயிருமேன்னு பயந்துட்டேன் சாமி" என்றார்.

அதற்கப்புறம் அவள் பிழைப்பு இதுதான். வாரத்தில் ஐந்து நாள் ஒரு தனியார் பள்ளியில் ஒப்பந்தக் கோச். போட்டி என்று யார் கூப்பிட்டாலும் அந்த கிளப் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடுவாள், கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். திண்டுக்கல்லில் ஒரு பெயர், ஈரோட்டில் ஒரு பெயர். முட்டி வீங்கினால் ஐஸ் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். பொன்னன் மட்டும் சுற்றுவட்டாரத்தில் எங்கே ஆடினாலும் வந்துவிடுவார். எட்டி உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் நாமக்கல்லில் ஒரு பெரிய போட்டி. கனிஷ்காவின் அணி வந்திருந்தது. செல்வி அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல. கனிஷ்கா தடுக்க வந்த பக்கமெல்லாம் புகுந்து புகுந்து போட்டாள். ஜெயித்தது செல்வி ஆடிய கிளப்தான். பரிசளிப்பில் விழாக் குழுவின் நந்தகுமார் மைக்கைப் பிடித்தார். வளர்ந்து வரும் இளம் வீராங்கனை என்று கனிஷ்காவுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினாள். அடுத்து, இந்த வயதிலும் நமக்காக ஆடிக்கொண்டிருக்கும் மூத்த வீராங்கனை அறிவுச்செல்வி என்று கூப்பிட்டு ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டியது. பொன்னன் எழுந்து நின்று தட்டினார்.

செல்வி கும்பிட்டு இறங்கினாள். சால்வையைக் கழற்றி எங்கள் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பொன்னன் ஓடிவந்து அதை எடுத்து உதறி நாலாக மடித்தார். போட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சத்தமே போட்டேன்.

"மேடைல பெரியவங்க போத்துனது கண்ணு. உட்டுட்டுப் போனா மரியாதயா இருக்குமா?"

சொல்லிவிட்டு, மடித்த சால்வையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மகளுக்குப் பின்னால் வேகமாக நடந்தார்.