அதிகாரி அறையில் தொங்கும் முந்திரிக்காடு

நான் நிலக்காட்சிகளைக் கருப்பு வெள்ளையில் மட்டுமே எடுப்பவன். கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால் போகமாட்டேன். "ஒரு மனுச மக்க இல்லாத படத்த எவன்டா பாப்பான்?" என்று என் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அந்த அக்காதான் தை மாதத்தில் ஒருநாள் போன் செய்து, "கேமராவ எடுத்துக்கிட்டு ஒடனே வாடா" என்றாள்.

ஜெயங்கொண்டம் பக்கத்தில் அவளுக்கு ஒரு முந்திரிக்காடு இருக்கிறது. அதை ஒட்டிய மண்பாதையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்தன. தூசி அப்பி, பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் கருகிக் கொட்டியது. லாரிகளை வேறு பாதையில் விடச் சொல்லி மனு கொடுக்க அவளுக்குப் படம் வேண்டும்.

"ஒன் போன்லயே கலர்ல எடுக்கலாமேக்கா."

"போன் படத்த யாரு நம்புறா? இவளே எதையோ பண்ணிட்டாம்பாங்க. நீ எடுக்குற கருப்பு வெள்ளையில பொய் சொல்ல முடியாதுடா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து எடுத்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். இலைகளெல்லாம் வெள்ளி முலாம் பூசியதுபோல் மின்னின. கருகிய பூக்கள் நிழலோடு நிழலாகப் போயிருந்தன.

"தூசியக் காணுமேடா" என்றாள் அக்கா. மறுநாளே தாலுகா ஆபீசில் மனு வாங்கும் நாள். வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனோம்.

அதிகாரி மனுவை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தையே பார்த்தார். "அடடா, என்னமா எடுத்திருக்கீங்க சார்! பனியா இது?"

"பனி இல்லீங்க சார், சுண்ணாம்புத் தூசிங்க. பூவெல்லாம் கருகிப் போச்சுங்க" என்றாள் அக்கா.

"பாத்தா அப்படித் தெரியலையேம்மா. ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன். படம் இங்கயே இருக்கட்டும்."

அந்த ஆள் வந்தது மாசியில். முந்தின நாள், சொல்லிவைத்தாற்போல் ஒரு மழை! காடு பச்சைப்பசேலென்று நின்றது. அவர் போனில் கலர்ப்படம் எடுத்துக்கொண்டார். "பூ எங்க சார்? வெறுங்காம்பா நிக்கிறது தெரியலையா?" என்று கத்தினேன். "பூ கொட்டுறது எல்லா வருசமும் உள்ளதுதான் சார்" என்று கிளம்பிவிட்டார். அவர் பைக் திரும்புவதற்குள் எதிரே லாரி வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த வருடம் பொறுக்குவதற்குக் கொட்டையே இல்லை. இந்தத் தையிலும் பூ கருகியது. அக்கா மறுபடி மனு எழுதினாள். என்னைப் படம் எடுக்கச் சொல்லவில்லை; துணைக்கு மட்டும் போனேன்.

அதே அதிகாரி. அவர் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் அக்காவின் காடு தொங்கியது.

"எந்தக் காடும்மா?" என்றார், மனுவைப் புரட்டியபடி.

அக்கா அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அது நல்லாத்தானேம்மா இருக்கு?"