காஸ் அக்கா கேட்ட கேள்வி

சலவை அறைச் சுவரின் அடியில் இருந்த காற்றுத் துளையின் ஓரத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். விரல் நுனியில் பசை ஒட்டிக்கொண்டது. "இதில டேப் ஏதும் ஒட்டினனீங்களோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். "இல்லை அக்கா" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் பதில் வந்துவிட்டது.

மெல்பேர்னில் டண்டெனோங் பக்கம் ஒரு பழைய வாடகை வீட்டில் அப்போது இருந்தோம். மகள் பிறந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான். ஜூன் மாதக் குளிர். சலவை அறையில் நின்ற காஸ் பொயிலர்தான் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பி வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருந்தது. அதைப் பரிசோதிக்க வீட்டு முகவர் வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்புவார். அந்த வருடம் கருவிப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றது ஒரு தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும். உரிமம் பெற்று காஸ் வேலை செய்பவர். அவருடைய தமிழைக் கேட்டதுமே அக்கா என்றுவிட்டேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை அவர் காஸ் அக்காதான்.

டேப் ஒட்டியது நான். அந்தத் துளையால் குளிர்காற்று வந்து சமைக்கிற குசினி வரைக்கும் பரவும். பச்சைக் குழந்தை இருக்கும் வீடு என்று மட்டை வைத்து அடைத்து, மேலே தடித்த டேப்பைச் சுற்றி ஒட்டியிருந்தேன். அக்கா வருவதற்கு அரை மணித்தியாலம் முன்னர்தான் எல்லாவற்றையும் பிடுங்கி அலுமாரிக்குள் ஒளித்தேன். என் கணவருக்குத் தற்காலிக விசா. முகவர் எங்களைப்பற்றி ஏதாவது எழுதினால் வீடு போகும், வீடு போனால் விசாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்த காலம் அது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்பதை எடுத்துச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அக்கா பொயிலரின் மூடியைக் கழற்றி, தூசு துடைத்து, எரியும் சுவாலையின் நிறத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கதவு யன்னல்களைச் சாத்தி, குசினியிலும் குளியலறையிலும் காற்றை வெளியே இழுக்கும் விசிறிகளைப் போட்டுவிட்டு, கைக்கடக்கமான ஒரு மீற்றரைப் பொயிலருக்குப் பக்கத்தில் பிடித்தார். விசிறிகள் இழுக்கும்போது புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்புகிறதா என்று பார்க்கிற சோதனை அது. மீற்றர் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. "ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ தங்கச்சி?" என்று கேட்டு, குசினிக் கதிரையில் உட்கார்ந்தார்.

தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி ஊர்க்கதை கேட்டார். பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்டார். தலையிடி இருக்கிறதா என்றார். காலையில் எழும்பும்போது இருக்கிறது, பிள்ளை பெற்ற உடம்புதானே என்றேன். "பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுதோ?"

"ஓம் அக்கா. அழுகையே இல்லை. நான் எழுப்பித்தான் பால் குடுக்கிறன்" என்று பெருமையாகச் சொன்னேன். அப்படி ஒரு குழந்தை கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று வருவோர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் பயம் தெரிந்தது. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து மட்டையையும் டேப்பையும் மேசையில் கொண்டுவந்து வைத்தேன். அவர் திட்டவில்லை. "பிள்ளையைப் போர்த்துக்கொண்டு வெளியில போய் நில்லுங்கோ" என்றார்.

மகளை மார்போடு அணைத்தபடி முற்றத்தில் நின்றேன். உள்ளே அவர் அந்த மட்டையை இருந்த இடத்திலேயே வைத்து ஒட்டி, சோதனையைத் திரும்பச் செய்தார். சில நிமிடங்களில் மீற்றர் அலறத் தொடங்கியது. சுவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. ஆறு கிழமையாக அவளுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அந்தச் சத்தத்தில்தான் விளங்கியது. வெளிக்காற்று வரும் வழியை நான் அடைத்ததால் பொயிலரின் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருந்தது. மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு, கார்பன் மொனொக்சைட்டு. அவள் நல்ல பிள்ளையாகக் கிடந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

அக்கா காஸை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு, தன் வான் வண்டியிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒக்சிசன் தந்தார்கள், ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மகள் வீறிட்டு அழுதாள். நானும் கணவரும் அவளைத் தூக்காமல் கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பொயிலர் திருத்தும்வரை அக்கா தன்னுடைய மின்சார ஹீற்றரைத் தந்திருந்தார். நாலாம் நாள் ஏணியோடு வந்து புகைபோக்கிக்குள் கைவிட்டுக் குச்சியும் வைக்கோலுமாக ஒரு மைனாக் கூட்டை இழுத்துப் போட்டார். "அரைவாசிப் பிழை உங்கட. மற்ற அரைவாசி மைனாவின்ர. ரெண்டையும் எழுதித்தான் குடுப்பன். இதால உங்களை வீட்டால ஒருத்தரும் எழுப்பேலாது, விசாவையும் தொடேலாது. பயப்பிடாதேங்கோ." அவர் எழுதினார். ஒருவரும் எங்களை எழுப்பவில்லை.

போகும்போது கேட்டேன்: "இல்லை எண்டு நான் சொன்ன பிறகும் ஏனக்கா இருந்தனீங்கள்?"

அவர் ஹீற்றரின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "படகில வந்து ஒரு வருசம் தடுப்புக் காம்பில இருந்தனான். ஆர் என்ன கேட்டாலும் இல்லை எண்டுதான் சொல்லுவன். வருத்தமோ நோவோ எண்டு டொக்டர் கேட்டாலும் இல்லைதான். உங்கட 'இல்லை' எனக்குப் பழக்கமான 'இல்லை', தங்கச்சி."

அடுத்த வருடம் வீடு மாறினோம். பிறகு அவரை நான் காணவில்லை. இப்போது நான் பிள்ளை பெற்ற தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எடை, பால், தடுப்பூசி என்று கேட்க வேண்டியவை படிவத்தில் இருக்கின்றன. ஹீற்றரைப்பற்றிய கேள்வி அதில் இல்லை, நான் கேட்கிறேன். ஏதும் பிரச்சினையா என்று கேட்டவுடன் 'இல்லை' என்று வேகமாக ஒரு பதில் வந்தால், படிவத்தை மூடி வைத்துவிட்டுக் குடிக்க ஏதாவது தரச் சொல்லிக் கேட்பேன்.