குல்லாய்க்குள் ஒரு ஐபாட்

பூமியின் தென்பாதியில், கிரவீன் என்ற புறநகரில், சடகோபன் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இரண்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஒன்று செருப்பு, மற்றது ஐபாட். செருப்புக்கு மர அடுக்கு இருந்தது. ஐபாடுக்கு, கொலுவுக்காக வாங்கிய ஒரு மூங்கில் கூடை. அந்தக் கூடையில் யாரும் எதையும் போட்டதில்லை. கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம். கூடை காலியாகக் கிடப்பது தம் கொள்கையின் வெற்றி என்று சடகோபன் சொல்லிக்கொள்வார்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அங்கே ரசிகர் வட்டம் கூடும். மற்ற நாட்களில் சடகோபன் சாக்கடைக் குழாய்களின் சாய்வைக் கணக்கிடும் பொறியாளர். அன்று மட்டும் நீதிபதி. சென்னையிலிருந்து சுமந்துவந்த கேசட்டுகளில் ஒரு முழுக் கச்சேரியை ஓடவிடுவார். எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாய்திறக்காமல் கேட்க வேண்டும். இருமல் வந்தவர்கள் கராஜுக்குப் போய் இருமிவிட்டு வரலாம். கச்சேரி முடிந்ததும் தீர்ப்பு.

"காம்போதியில காந்தாரம் கொஞ்சம் களைச்சுப்போச்சு."

யாரும் மறுத்ததில்லை. தீர்ப்புக்குப் பிறகுதான் நாகலட்சுமியின் புளியோதரை என்பதால், அது நீளாமலிருக்க எல்லோரும் உடனுக்குடன் ஒத்துக்கொண்டார்கள். இதைத் தம் செவிக்குக் கிடைத்த மரியாதை என்று சடகோபன் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள வேறு மரியாதையும் அவருக்கு இல்லை. அலுவலகத்தில் அவர் வேலை சொல்லிக்கொடுத்தவரே அவருக்கு மேலதிகாரி ஆகியிருந்தார். வீட்டில் ரிமோட் நாகலட்சுமியின் கையில். பேருந்து நிறுத்தத்தில் நாய்கூட அவரைப் பொருட்படுத்தாது. ஆனால் வென்ட்வேர்த்வில் முதல் அடுத்த ரயில் நிலையமான பெண்டில் ஹில் வரை, 'சடகோபன் காது' என்றால் அது காது.

ஐபாட் விலக்கப்பட்டதற்குக் காரணம் ஸ்ரீகாந்த். திருச்சியிலிருந்து படிக்க வந்து, இப்போது ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருப்பவன். ஒரு ஞாயிறு, கேசட்டின் நாடா சிக்கிக்கொண்டு கச்சேரி நின்றுபோனது. ஸ்ரீகாந்த் உதவுகிறேன் பேர்வழி என்று தன் ஐபாடை ஸ்பீக்கரில் இணைத்தான். தோடி ஆலாபனை அருமையாக முடிந்தது. அடுத்துக் கீர்த்தனை வரவேண்டிய இடத்தில் மங்களம் வந்தது. மங்களம் முடிந்த கையோடு மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம்.

"என்னப்பா இது? கச்சேரியா, குலுக்கல் சீட்டா?"

"ஷஃபிள்ல இருந்திருக்கு சார். ஒரே நிமிஷம், மாத்திடறேன்."

"அதான் மங்களம் பாடியாச்சே. எழுந்துக்கோ."

ஸ்ரீகாந்த் எழுந்துபோனான், புளியோதரை சாப்பிடாமல். மங்களம் பாடினால் எழுந்துகொள்வது வழக்கம்தான். ஒருவரை மட்டும் எழுப்பியது அன்றுதான். அதன் பிறகு அவன் வரவில்லை. கூடை வந்தது.

அத்தோடு விடாமல் உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் சடகோபன் ஒரு கட்டுரையும் எழுதினார். கூடிக் கேட்பதுதான் இசை, காதுக்குள் செருகித் தனியாகக் கேட்பது திருட்டுத் தீனி என்பது அதன் சாரம். கட்டுரையைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். படிக்காதவர்கள் அதைவிட மனமாரப் பாராட்டினார்கள்.

இவ்வளவு பேசிய மனிதர் சங்கீதம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மாலைகளில் கூடம் நாகலட்சுமியின் சீரியல்களுக்குப் போய்விட்டது. வட்டம் கூடும் ஞாயிறுகளில் அவர் கச்சேரியைக் கேட்பதில்லை. யார் தூங்குகிறார்கள், தீர்ப்பில் எந்த ஸ்வரத்தைக் குற்றம் சொல்வது என்ற யோசனையிலேயே பாட்டு ஓடிவிடும். போக வர ரயில் பயணம் மிச்சமிருந்தது. அதை, செல்போனில் வீட்டு ஏல விலை பேசிக்கொண்டு வருபவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மே மாதத்தில் ஒரு நாள், ரயிலில் அவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். காதிலிருந்து வெள்ளை ஒயர் தொங்கியது. கண்ணை மூடி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன பாட்டோ, ஏதோ இரைச்சலாக இருக்கும் என்று சடகோபன் நினைத்தார். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு. கல்லூரி நாட்களில், சபாவின் கடைசி வரிசையில், அவர் முகத்திலும் அது இருந்தது. அன்று சாக்கடைச் சாய்வு இரண்டு தடவை தப்பாக வந்தது.

ஐபாட் வாங்குவதென்று முடிவானபின், எங்கே வாங்குவது என்பதுதான் பிரச்சினை. பரமட்டாவில் வாங்கினால் மாலைக்குள் சேதி பரவிவிடும். ஸ்ட்ராத்ஃபீல்டில் நாலு எட்டு வைத்தால் ஒரு தமிழர் நலம் விசாரிப்பார். கடைசியில், தமிழர்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மட்டுமே போகும் இடம் என்று மான்லியைத் தேர்ந்தெடுத்து, வேலைக்கு விடுப்புப் போட்டு, படகேறிப் போய் வாங்கிவந்தார். திரும்பும் படகிலேயே காதில் மாட்டிக்கொண்டார். வாங்கியதும் அதற்குள் பாட்டு ஒன்றும் இராது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐபாடைப் பற்றி ஆண்டு மலரில் நாலு பக்கம் எழுதியவர்!

கேசட்டிலிருப்பதை ஐபாடுக்கு மாற்றத் தெரிந்தவன், அவருக்குத் தெரிந்து ஒருவன்தான் இருந்தான். சடகோபன் ஒரு சனிக்கிழமை, காய்கறிப் பையில் கேசட்டுகளை அடுக்கி, மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு மூடி, ஸ்ரீகாந்தின் ஃபிளாட்டுக்குப் போனார். கதவைத் திறந்த ஸ்ரீகாந்த் பையைப் பார்த்தான், அவர் நீட்டிய சின்னப் பெட்டியைப் பார்த்தான்.

"உள்ள வாங்க சார். இதைச் செருப்போட வெளியிலயே வெச்சிடலாமா?"

"பேசுப்பா, பேசு. பேச வேண்டியவன்தான் நீ."

"யாருக்கு சார் இது, மாமிக்கா?"

"எனக்குத்தான். ஆனா ஒண்ணு, இது யாருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்? நமக்குள்ளயே இருக்கும்."

"நமக்குள்ளயும் வேண்டாம். எனக்கும் உனக்கும் இதைப் பத்திப் பேச்சே கிடையாது. நான் இங்க வரவேயில்லை."

"சரி சார். நீங்க வரவேயில்லை," என்ற ஸ்ரீகாந்த், வராதவருக்குக் காபி போட்டுக் கொடுத்தான்.

அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலம் கைகொடுத்தது. ஊட்டியில் வாங்கிய குரங்குக் குல்லாய் ஒன்று சடகோபனிடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் காதும் தெரியாது, ஒயரும் தெரியாது. கருவி கோட்டுப் பைக்குள். பெண்டில் ஹில்லில் இரண்டடுக்கு ரயிலேறி, மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடினார் என்றால் நகரத்தில்தான் திறப்பார்.

முதல் வாரத்திலேயே ஒரு விபரீதம் நடந்தது. அந்தக் காம்போதியை மறுபடி கேட்டபோது காந்தாரம் களைத்திருக்கவில்லை. தங்கக் கம்பி மாதிரி நின்றது. களைத்துப்போயிருந்தது கூடத்து ஸ்பீக்கர். பாடகர் மூச்சை இழுப்பது கேட்டது. தம்புராவின் கார்வை கேட்டது. இத்தனை வருடம் தாம் குற்றம் சொன்னது யாரை என்று சடகோபனுக்கு மெல்லப் புரிந்தது. திருட்டுத் தீனியில்தான் ருசி தெரிந்தது என்று ஆண்டு மலரில் திருத்தம் போட முடியுமா?

போடவில்லை. ஆனால் வட்டத்தில் அவருடைய தீர்ப்புகள் மாறத் தொடங்கின. "அற்புதம். ஒரு குறையும் இல்லை," என்றார் ஒரு மாதம். அடுத்த மாதமும் குறை இல்லை. புளியோதரை சீக்கிரம் வந்தது. வந்தவர்கள் மகிழ்ந்திருக்கலாம். மாறாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் சுகிர்தன் அவரை ரயிலில் கண்டார். சுகிர்தன் யாழ்ப்பாணத்துக்காரர், வட்டத்தின் பொருளாளர், வென்ட்வேர்த்வில்லில் ரயிலேறுபவர். சடகோபனைப் பின்னாலிருந்து கூப்பிட்டார். பதில் இல்லை. பக்கத்தில் வந்து கூப்பிட்டார். சடகோபன் சஹானாவில் இருந்தார். தோளைத் தொட்டதும் துள்ளி விழுந்து, குல்லாய்க்குள் கையைவிட்டு எதையோ தடவி அமுக்கினார்.

"அண்ணை, எத்தினை தரம் கூப்பிட்டனான்! உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"ஏதோ யோசனை சுகிர்தன்."

"அது சரி, அக்டோபரும் முடியப்போகுது. இந்த வெக்கைக்குள்ள என்னத்துக்கு அண்ணை இந்தத் தொப்பி?"

சடகோபனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஐபாட் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் வேறு ஏதாவது சொல்லலாம்.

"காதுல கொஞ்சம் கோளாறு," என்றார்.

சொன்ன பிறகுதான், தம்மிடம் இருந்த ஒரே சொத்தைத் தாமே அடகு வைத்துவிட்டது உறைத்தது. சுகிர்தன் முகத்தில் இரக்கம் பரவியது. அன்று மாலைக்குள் அது வென்ட்வேர்த்வில் கடைகளிலும் பரவியது. குல்லாய்க்குள் இருப்பது காதுக் கருவி என்றார்கள். அதனால்தான் எல்லாப் பாட்டும் அற்புதமாக இருக்கிறது, பாவம் மனிதருக்கு ஒன்றும் கேட்பதில்லை என்றார்கள். மார்க்கெட்டில் அவர் காதருகே வந்து, "வெண்டைக்காய் பிஞ்சா இருக்கு!" என்று கத்தினார்கள். நாகலட்சுமியிடம் துக்கம் விசாரித்தவர்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிண்டிருக்கேன், இவருக்குக் காது கேக்காதுன்னு. இப்பத்தான் ஊருக்கே தெரியறது."

ஜனவரியில் வட்டம் கூடியது. வெளியே புல் கருகும் வெயில். ஜமக்காளத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, நடுவில் சடகோபன், சொன்ன பொய்யைக் காப்பாற்ற மாட்டிய கம்பளிக் குல்லாயோடு வியர்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீகாந்தும் வந்திருந்தான், சுகிர்தன் போய் அழைத்திருந்ததால். ஏன் என்று உடனே விளங்கிவிட்டது. பாலகிருஷ்ணன் எழுந்தார். மலேசியாவிலிருந்து வந்த பல் டாக்டர். டாக்டர் என்பதால் காதைப் பற்றியும் அவருக்குக் கருத்து இருந்தது.

"அண்ணே, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல லா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். தீர்ப்புச் சொல்றதை இனிமே தம்பி ஸ்ரீகாந்த் பாத்துக்கட்டும். நீங்க முன்னால, ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருங்க. நல்லா அதிரும்."

அதிரும் என்ற சொல் சடகோபனைச் சுட்டது. குல்லாயைப் பிடுங்கி எறிந்தார்.

"எனக்குக் காது நன்னாக் கேக்கறது! நான் ஐபாட் வாங்கினேன். ரயில்ல அதைத்தான் கேட்டுண்டிருந்தேன். போதுமா?"

நாகலட்சுமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுகிர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியளோ? காது போனதை மறைக்கிறதுக்கு, ஐபாட் வாங்கினனான் எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டார். அண்ணை, நீங்கள் எழுதின கட்டுரையை நான் பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டினனான். நீங்களாவது ஐபாட் வாங்கிறதாவது!"

"ஸ்ரீகாந்தைக் கேளுங்கோ! அவன்தான் பாட்டு ஏத்திக் கொடுத்தான்."

எல்லோரும் ஸ்ரீகாந்தைப் பார்த்தார்கள். அவன் ஜமக்காளத்தின் நூலை நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"சார் என் வீட்டுக்கு வரவேயில்லையே," என்றான் அமைதியாக.

சத்தியத்தை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றுகிறவர்களை இப்போதெல்லாம் பார்ப்பது அரிது.

"சரி, கேசட்டைப் போடுங்கோ. என் காதைப் பரீட்சை பண்ணுங்கோ," என்று சடகோபன் கத்தினார். ஸ்ரீகாந்தே எழுந்துபோய், கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துச் செருகி, பொத்தானை அழுத்தினான். உறையை எட்ட இருந்தே சடகோபனுக்குத் தெரியும். அவர் ஒட்டிய உறை, அவர் பதிவுசெய்த கச்சேரி.

"தோடி!" என்றார்.

கேசட்டின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வெறும் நாடா ஓடும். அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

"இன்னும் சத்தமே வரேல்லையே அண்ணை," என்றார் சுகிர்தன், அழுகிற குரலில்.

பிறகு தோடிதான் வந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. பாலகிருஷ்ணன் ஒலியைக் கூட்டினார். பழைய ஸ்பீக்கர் கரகரத்தது. ஜன்னல் அதிர்ந்தது. சடகோபனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கச்சேரி முடிந்ததும் ஸ்ரீகாந்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் முதல் தீர்ப்பைச் சொன்னான்.

"தோடியில காந்தாரம் கொஞ்சம் களைச்சுப்போச்சு."

"ஆமா, ஆமா," என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். புளியோதரை வந்தது. காந்தாரம் களைக்கவேயில்லை, களைத்தது ஸ்பீக்கர்தான் என்று அறிந்த ஒரே மனிதர் அந்த அறையில் சடகோபன். அவர் வாயைத் திறந்தார். பிறகு புளியோதரையைப் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் குல்லாய் அணிவதில்லை. பெண்டில் ஹில்லில் ரயிலேறி, எல்லோரும் பார்க்க வெள்ளை ஒயரைக் காதில் மாட்டிக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். தொடையில் தாளம் போடுகிறார். சில நாட்களில் வேண்டுமென்றே ஷஃபிளில் வைக்கிறார். மங்களத்துக்குப் பிறகு வர்ணம் வந்தால் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வருகிறது. தெரிந்தவர்கள் யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை. வென்ட்வேர்த்வில்லில் ஏறும் சுகிர்தன் மட்டும், உடன் வருகிறவர்களுக்கு அவரைத் தூரத்திலிருந்து காட்டி மெல்லச் சொல்வார்.

"இந்தக் காலத்துக் காதுக் கருவியளைப் பாருங்கோவன். அச்சொட்டா ஐபாட் மாதிரியே செய்து விட்டிருக்கிறாங்கள்!"