இலந்தவடைக்கு நடந்த பஞ்சாயத்து

நாங்க கல்கத்தாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. கார்டன் ரீச்ல ரயில்வே குவார்ட்டர்ஸ். மக ஒன்பதாவது படிச்சா. தை மாசம் சந்தையில இலந்தப்பழம் குமிச்சு வச்சிருந்தான், நம்மூருப் பழத்தவிடப் பெருசு. விடுவேனா? வெல்லம், மிளகா, பெருங்காயம் போட்டு இடிச்சு, தட்டி, மாடியில காயவச்சு, இலந்தவடையா மக டிபன் டப்பாவுல வச்சேன்.

அங்க சரஸ்வதி பூஜை அந்தக் குளுருலதான் வரும். அது முடியறவரைக்கும் படிக்கிற புள்ளைங்க இலந்தப்பழம் தின்னக்கூடாதாம், தின்னா பரீட்சை ஊத்திக்குமாம். நமக்கு சரஸ்வதி பூஜைன்னா புரட்டாசி, பொரிகடலை. எனக்கென்ன தெரியும்? பக்கத்துல உக்கார்ற வங்காளிப் பொண்ணு கேட்டிருக்கா, மக குடுத்திருக்கா. தட்டையா கறுப்பா இருக்கறதப் பாத்தா பழம்னா தோணும்? தின்னுட்டுத்தான் "இது என்னடி?"ன்னு கேட்டிருக்கா. சொன்னதும், "என்ன ஃபெயிலாக்கப் பாக்கறியா?"ன்னு சடையப் புடிச்சு இழுத்துட்டா. இவ டப்பாவாலயே ஒண்ணு போட்டுட்டா. நெத்தியில ரத்தம்.

டிசி குடுத்துருவாங்கன்னு பேச்சு. எனக்கு எழுத்து வாசனையே கிடையாது, டிசின்னா என்னன்னு வீட்டுக்காரரக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "வெளிய அனுப்பறது. அனுப்புனா ஊர்ல அக்கா வீட்டுல விட்டுருவேன்"னார். அங்க போனா படிப்பு அவ்வளவுதான், அந்த அக்கா மகனுக்கே கட்டிவச்சுருவாங்க.

பெரிய டீச்சர் ரெண்டு அம்மாவையும் வரச் சொன்னா. போனா, நாற்காலிய வட்டமாப் போட்டு டீ, சந்தேஷ்! புள்ளைய வெரட்டறவ எதுக்கு இனிப்பு குடுக்கறா? நான் தொடல.

"யாருக்கு என்ன வலிச்சுதுன்னு அவங்கவங்களே சொல்லுங்க, திட்ட மாட்டேன்"னு இந்தியில சொன்னா. சரிதான், வாயப் புடுங்கி அதவச்சே டிசி குடுக்கற தந்திரம். "வாயத் தொறக்காதடி"ன்னு மகளக் கிள்ளுனேன்.

அந்தப் பொண்ணு அழுதா. "நெத்தி சரியாயிருச்சு. கணக்குல போயிருவேனோன்னுதான் பயம்."

எம்மக என் கிள்ளலயும் மதிக்காம, "நீ சடைய இழுத்தப்ப கிளாஸே மதராசி மதராசின்னு சிரிச்சுது. அதான் அடிச்சேன்"னுட்டா. எங்கிட்டகூட இதச் சொல்லல, கழுத!

அந்தப் பொண்ணோட அம்மா தன் மகளத் திரும்பி ஒரு பார்வ பாத்தா. அப்புறம், "பூஜையன்னிக்கு ரெண்டும் பட்டினி இருந்து சேந்து பூப் போடட்டும். எம்மகளுக்காக உங்க மக வேண்டிக்கட்டும். எம்மக கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கட்டும்"னா.

"அப்ப டிசி?"

"அது எதுக்கும்மா?"ன்னா பெரிய டீச்சர்.

நம்புவேனா? பட்டினி போட்டு மயக்கம்போட வைப்பாங்களோன்னு முந்தானையில பிஸ்கட் முடிஞ்சுக்கிட்டு பூஜைக்குப் போனேன். ரெண்டும் மஞ்சப் பொடவ கட்டிட்டு நின்னாளுங்க. எம்மகளுக்கு மந்திரம் வரல, அவ காதுல சொல்லிக்குடுத்தா. வேற ஏதாவது சொல்றாளோன்னு நானும் காதத் தீட்டிக்கிட்டு கிட்டப் போனேன், பூசாரி என்னத் தள்ளி நிக்கச் சொல்லிட்டார்!

அந்தப் பொண்ணு கிளாஸ்ல மன்னிப்பும் கேட்டுட்டா. அப்பவும் நான் விடல. நைசா டிசியக் குடுத்து அனுப்பறாளான்னு தெனம் பள்ளிக்கூட கேட்ல நின்னேன். பெரிய டீச்சர் பாத்துட்டா.

"என்னம்மா, இங்க?"

"சும்மா, காத்து வாங்க."

"உங்க பொண்ணு இங்கதான் படிப்பா. காத்த வீட்டுல போய் வாங்குங்க."

நேரா வீட்டுக்கு வந்து, "புள்ளைய ஊருக்கு அனுப்பற பேச்சு இனிமே கூடாது"ன்னேன்.

"டீச்சர் சொன்னத நம்பிட்டியாக்கும்?"னார் வீட்டுக்காரர்.

"நம்பல. ஆனா புள்ள கிளாஸ்ல உக்காந்திருக்கு, கண்ணால பாத்துட்டுத்தான் வரேன்."