கானில் இறங்காத கால்

மாத்தளையில் என் கடை வாசலில் விடிந்ததும் ஒரு வேடிக்கை நடக்கிறது. கடைக்குச் சொந்தக்காரனாகிய நானே வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டிக்குள் இறங்கிக் கொக்கோக் கொட்டையை மிதிக்கிறேன். சதை ஒட்டிய கொட்டை தண்ணீருக்குள் மீன் போல வழுக்கும். விழாமல் மிதிக்க வேண்டும். இதைச் செய்ய எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள், இந்தப் பட்டணத்தில் கொக்கோ வியாபாரத்தில் எனக்குச் சமானமாக ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். சிங்களச் சனங்கள் இதை ஏதோ அம்மனுக்கு நேர்ந்த நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். பக்கத்துக் கடை முஸ்லிம் வியாபாரி நானாதான் சும்மா விடமாட்டார்.

"என்ன மொதலாளி, ஆளுக்குக் குடுக்குற கூலிய மிச்சம் புடிக்கிறீங்களா?"

"முழங்கால மிச்சம் புடிக்கிறேன் நானா."

பங்குனி மாதத்தில் மூட்டை மேலே ஏறிச் சரக்குப் பார்த்தபோது வழுக்கி விழுந்தேன். வலது முழங்கால் பலாப்பழம் போல வீங்கியது. மகன் இங்கிலீசு வைத்தியரைக் கூட்டி வந்தான். யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர்தான். காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அசையாமல் படுத்திருங்கோ ஐயா. இந்த வயசில இனி நடந்து என்னத்தைச் சாதிக்கப் போறியள்?" என்று கேட்டார். படித்தவரிடம் எதிர்வாதம் பேசவில்லை. அவர் தலை மறைந்ததும் தொட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். எனக்குச் சாதிக்க ஒன்று பாக்கி இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் நான் பிறந்த ஊரில் ஒரு வயல் வரப்பு உண்டு. அதன் மேலே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கீழே இறங்காமல் நடக்க வேண்டும். வருகிற ஆவணியில் கப்பல் ஏறுவதாக இருக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விஷயம் உடனே விளங்கும். இங்கே வந்து பிழைக்கிறவர்களுக்கும் விளங்கும். டாக்டருக்குத்தான் விளங்காது.

இந்தக் கால் சாதாரணக் கால் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் இல்லாத காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்த கால். கூட வந்த எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலில் விழுந்து மண்ணோடு போனார்கள். என் அப்பனும் ஆத்தாளும் அதில் சேர்த்தி. நானும் என் அக்கா பேச்சியும் நடந்தோம். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எங்களைக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் போட்டார்கள். அங்கேதான் வளர்ந்தேன், அங்கேதான் மீசை முளைத்தது.

தோட்டத்துக்கு ஒரு துரை இருந்தாலும் எங்களுக்கு ராசா பெரிய கங்காணி ராக்கப்பன்தான். எங்கள் பக்கத்திலிருந்தே ஆள் பிடித்துக் கொண்டுவந்தவர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், மட்டக்குதிரை. தேயிலைக்கு நடுவே போகிற பாதை இரண்டு பேர் உரசாமல் போக முடியாத பாதை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கான். துரையோ பெரிய கங்காணியோ எதிரே வந்தால் ஆணும் பெண்ணும் கானுக்குள் இறங்கி, தலைத்துணியை அவிழ்த்து, அவர் போகும் வரைக்கும் தண்ணீரில் நிற்க வேண்டும். யாரும் எழுதிப் போட்ட சட்டம் இல்லை. ஊரில் பண்ணையார் வீட்டு ஆள் எதிரே வந்தால் எங்கள் தெருக்காரன் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்குவான் அல்லவா, அந்தப் பழக்கமும் எங்களோடு கப்பலேறி வந்துவிட்டது. ஊரில் சேறு, இங்கே கான். வேறு வித்தியாசம் இல்லை.

ஒரு மழைநாள். தலையில் உரமூட்டையோடு வளைவில் திரும்புகிறேன், குதிரை மூக்கு என் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. மூட்டையோடு குதித்தேன். கானுக்குள்ளே கல். வலது முழங்காலுக்குள் விறகு முறிகிற சத்தம் கேட்டது. கங்காணி குதிரையை நிறுத்திப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்று நினைக்காதீர்கள், மூட்டையைப் பார்த்தார்.

"ஒரம் நனையுது பாரு. அத மொதல்ல மேல எடு."

கூட வந்தவர்கள் மூட்டையைத்தான் முதலில் தூக்கினார்கள். பிறகுதான் என்னை. மறு வாரம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் என் பேரைக் கூப்பிடவில்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் இடமும் இல்லை. "நொண்டிக்கு இங்க என்னா சோலி? கீழ எறக்கி விடுங்க" என்று வேலையிலிருந்து நீக்குகிற பத்துச்சீட்டைக் கொடுத்தார். அக்காளும் அவள் புருசனும் சாக்கில் தொட்டில் கட்டி என்னைக் கீழே சிங்களக் கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழி நெடுக நான் வலியில் கத்தவில்லை. கங்காணியின் குலத்தை ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே போனேன். அது வலிக்கு நல்ல மருந்து.

கிராமத்தில் எலும்பு கட்டுகிற வெதமாத்தயா ஒருவர் இருந்தார். கிரிபண்டா என்று பேர். இலையை அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தன் வீட்டுத் தாழ்வாரத்திலேயே படுக்க இடம் தந்தார். எங்கள் சனத்துக்கு உடைந்த கால் என்றால் மாதக் கணக்கில் படுக்கை, பிறகு ஆயுசுக்கும் கம்பு. இந்த மனிதர் கட்டை அவிழ்த்த கையோடு என்னைக் கைத்தாங்கலாக ஓடைக்குக் கூட்டிப் போனார். தண்ணீருக்குள் பெரிய கூடை, கூடை நிறைய அவருடைய தோட்டத்துக் கொக்கோ. இரண்டு நாள் வாழையிலை போட்டு மூடிப் புளிக்க வைத்த கொட்டை. "எறங்கு. மிதி" என்றார்.

இலவச வைத்தியத்துக்கு வேலை வாங்குகிறான் சிங்களவன் என்று நினைத்துக்கொண்டேன். கங்காணியாவது கூலி என்று ஒன்று கொடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். கொட்டை வழுக்கியது, ஓடை தள்ளியது, முழங்கால் நடுங்கியது. அவர் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "ஹெமின், ஹெமின்" என்றார். மெதுவாக என்று அர்த்தம். அவசரப்படாதே, வேலை கெட்டுவிடும் என்று சொல்லுகிறார் போலும் என்று அதற்கும் மனசுக்குள் திட்டினேன். சில வாரம் கழித்து ஒரு நாள் கூடையில் கொட்டை இல்லை. அறுவடை முடிந்துவிட்டது. வெறும் கூழாங்கல்லைக் கூடையில் கொட்டி வைத்துக்கொண்டு "எறங்கு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மிதிபடுவது கொக்கோ இல்லை, என் முழங்கால்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. காலையில் ஓடை. வெயில் ஏறினால் பாறையில் உட்கார்ந்து கணுக்காலில் கல்லைத் துணியில் கட்டிக் காலை நீட்டி நீட்டி இறக்குவேன். சாயங்காலம் மேட்டில் ஏறி இறங்குவேன், இறங்குவதுதான் ஏறுவதை விட நோவு. ஒவ்வொரு மிதிக்கும் கங்காணியின் முதுகைக் காலடியில் நினைத்துக்கொள்வேன். கோபம் இருக்கிறவனுக்குக் கால் சீக்கிரம் தேறும், இது என் அனுபவம். ஞாயிற்றுக்கிழமை சோற்றுப்பானையோடு வருகிற அக்காள் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

"காலத்தான வளைக்கச் சொன்னாரு. நீ ஏன்டா மூஞ்சிய வளைக்கிற?"

"ராக்கப்பன மிதிக்கிறேன்."

"நல்லா மிதி. ஆனா நாங்க இன்னும் அவன் லயத்துலதான் குடியிருக்கோம், அதையும் நெனச்சுக்க."

நடக்க வந்துவிட்டது. எனக்கு அது போதவில்லை. ஓடையில் தண்ணீர் வேகமாக வருகிற இடத்தில் போய் எதிர்த்து நின்று பழகினேன். வெதமாத்தயாவின் பெண்சாதியிடம் உலக்கையைக் கொடுத்து, என் மார்பில் வைத்துத் தள்ளச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துத் தள்ளுவாள், நான் விழுந்து விழுந்து எழும்புவேன். வெதமாத்தயாவுக்குக் குழப்பம்.

"நடக்கத் தெரியுது தானே? நிக்க எதுக்குப் பழகுற? காவடியா?"

"ஆமா மாத்தயா, ஒரு மாதிரிக் காவடி."

அவர் சந்தோசப்பட்டு, சாமி காரியம் என்று அதிகமாக எண்ணெய் தேய்த்துவிட்டார். கால் கடைசியில் தூண் போல நின்றது. ஒரே குறை, முழுசாக மடங்காது. இன்று வரைக்கும் சம்மணம் போட்டு உட்கார என்னால் ஆகாது. உட்காருகிறதற்கா நான் பிறந்தேன்?

மிதித்த கொக்கோவே எனக்குச் சோறு போட்டது. எந்தக் கொட்டை எத்தனை நாள் புளிக்க வேண்டும், எது வெயிலில் சுருங்கும் என்பதெல்லாம் என் உள்ளங்காலுக்குத் தெரியும். வெதமாத்தயாவின் கொக்கோவை விற்றுக் கொடுத்தேன், பிறகு அந்தக் கிராமத்துக் கொக்கோ முழுவதையும், பிறகு பல்லேபொல வரைக்கும். பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காதவன், கணக்கு எழுதக் கடைச் சிப்பத்தின் மேலிருந்த பேரைப் பார்த்து எழுத்துக் கற்றவன். சின்னான் என்று கூப்பிட்ட வாயெல்லாம் சின்னையா முதலாளி என்று கூப்பிட்டது. அப்போது ஒரு நாள் கால்செருப்புப் போட்டு, குடையை விரித்துப் பிடித்து, அக்காளைப் பார்க்க அந்தத் தோட்டத்துப் பாதையில் ஏறினேன். அக்காளைப் பார்க்க என்று சொன்னேன், கங்காணி எந்த நேரம் அந்த வளைவுக்கு வருவார் என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

வந்தார். குதிரையும் அவரும் கொஞ்சம் தளர்ந்திருந்தார்கள்.

"யாருடா அவன் கொடையோட? எறங்குடா கான்ல."

"எறங்கிப் பாத்தாச்சு கங்காணி. இந்தத் தடவ நீங்க பாருங்க."

"டேய், நொண்டிச் சின்னானா?"

"நொண்டிதான். அதான் எறங்க முடியல."

குதிரையை என் மேல் விட்டார். குதிரையின் நெஞ்சு என் மார்பில் வந்து இடித்தது. உலக்கையை விடப் பாரம்தான், இருந்தாலும் முழங்கால் அசையவில்லை. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர் அடிக்கிறார், குதிரைக்கு எஜமானை விட அறிவு இருந்தது. பக்கவாட்டில் ஒதுங்கித் தானாகவே கானுக்குள் முன்னங்காலை வைத்தது. கங்காணி சரிந்து, கோட்டோடும் கடுக்கனோடும் இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் நின்றார். நான் குடையைச் சாய்க்காமல் நடந்து போனேன். மேலே ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரிக்காமலேயே அன்று சாயங்காலத்துக்குள் எல்லா லயத்திலும் அவருக்குப் புதுப்பேர் வைத்துவிட்டார்கள், கான் கங்காணி. அவர் செத்த அன்று இழவு வீட்டுக்குப் போனேன். மூலையில் இரண்டு கிழவர்கள், "கான் கங்காணி போயிட்டாரு" என்று பேசிக்கொண்டதைக் காதால் கேட்ட பிறகுதான் எழுந்து வந்தேன்.

ஆனால் நான் குடையோடு நடந்த மறுநாளே காலைப் பெரட்டில் அக்காள் பேரும் அவள் புருசன் பேரும் கூப்பிடப்படவில்லை. பானை சட்டியோடு என் கடைக்கு வந்து இறங்கினாள். அவள் பெற்றுப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளும் அந்தத் தோட்டத்து மண்ணில் கிடக்கின்றன. மேலே போக அவளுக்கு வழி அடைபட்டது.

"ஒன் முழங்காலு நிமிந்துச்சு. என் அடுப்பு அணஞ்சுச்சு" என்றாள், அழாமல்.

என் கடைக்குப் பின்னால் அவளுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தேன். ராணி போல வைத்திருக்கிறேன். அவள் அந்த வார்த்தையை இன்றும் திருப்பி எடுக்கவில்லை, நானும் அந்தப் பாதையில் நடந்ததைத் திருப்பி எடுக்கமாட்டேன்.

இப்போது அந்த வரப்பைப் பற்றிச் சொல்லுகிறேன். தலைமன்னாரில் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, பட்டுக்கரை வேட்டியும் தங்கச் சங்கிலிக் கடிகாரமுமாக ஒரு தடவை ஊருக்குப் போனேன். இலங்கையிலிருந்து கண்டிக்காரர் வந்திருக்கிறார் என்று சனம் கூடியது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வயல் வழியாகத் திரும்புகிறேன். எதிரே பண்ணையார் மகன். என் வயசுதான், நரைத்துப் போய், கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். ஒதுங்கு என்று கண்ணால்கூடச் சொல்லவில்லை. அவர் கிட்டே வருவதற்கு முன்பே என் இடது கால், ஒருநாளும் நோகாத நல்ல கால், என்னைக் கேட்காமல் வரப்பை விட்டு இறங்கிவிட்டது. இங்கே மாத்தளையில் பக்கத்துக் கடை நானா வீங்கின காலுக்குத்தான் நான் பயிற்சி எடுக்கிறேன் என்று நினைக்கிறார். நான் மிதித்துப் பழக்குவது இடது காலை. ஆவணி வரைக்கும் பண்ணையார் மகனுக்கு ஆயுசைக் கொடு என்று தினமும் மாரியம்மனைக் கும்பிடுகிறேன். அவர் செத்துவிட்டால் நான் யாருக்கு எதிரே நிற்பேன்?

அன்று அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கண்டிச் சீமைக்குப் போயும் மரியாத மறக்கலையேப்பா நம்ம சின்னான்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார்.

இடது கால் முழங்கால் வரைக்கும் நான் பிறந்த ஊர்ச் சேற்றில் புதைந்து கிடந்தது. வலது கால், சிங்கள ஓடையில் நிற்கப் பழகிய கால், வரப்பை விட்டு அசைய மாட்டேன் என்று விறைத்து நின்றது. இடது காலை மேலே இழுக்க வேண்டுமானால் வலது முழங்கால் மடங்க வேண்டும். வலது காலைக் கீழே வைப்பதற்கும் அது மடங்க வேண்டும். மடங்காது. பண்ணையார் மகனின் கம்புச் சத்தம் தூரத்தில் அடங்கிப் போன பிறகும், தங்கச் சங்கிலி வெயிலில் மின்ன, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நான் அந்த வயலில் நின்றுகொண்டிருந்தேன்.