மீமூனோடு சேர்ந்து கேட்ட டெண்டர்

எல்லையோர ஊரான ஊஜ்தாவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் யாமினாவின் சலவைக்கூடம். அங்கே நான் இஸ்திரி போடுகிறேன். அவளும் நானும் ஒரே தெருக்காரிகள். அதனால் நான் மட்டும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். மற்றவர்கள் மரியாதையாக லல்லா யாமினா என்பார்கள்.

எல்லைப்பக்கத்து வியாபாரம் படுத்த பிறகு ஊரில் சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. மேஜை விரிப்புகள் வருவது குறைந்தது. இனிப் பிழைப்பு ஓட வேண்டுமானால் அரசு ஆஸ்பத்திரித் துணிதான். அதற்கு டெண்டர் போட வேண்டும். யாமினா இரண்டு முறை போட்டாள். முதல் தடவை ஒரு முத்திரை விட்டுப்போனதால் உறையைப் பிரித்த கையோடு ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த தடவை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மதிப்பெண் போதவில்லை என்று பதில் வந்தது. அன்று அவள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. உலர்த்தும் இயந்திரத்தில் சாய்ந்து நின்று, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தாள்.

அப்புறம்தான் கென்ஸாவிடம் போனோம். ஃபாஸ் நகரில் அரசுக் கொள்முதல் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். இப்போது சின்னக் கம்பெனிகளுக்கு டெண்டர் எழுத உதவுகிறாள். மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பழைய விண்ணப்பம் முழுவதையும் படித்தாள்.

"லல்லா, கோவிச்சுக்காதீங்க. கடையை எப்படித் தூக்கி நிறுத்துனீங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. படிச்சா எனக்கே கண்ணு கலங்குது. ஆனா அவங்க கேட்டது அது இல்ல. உங்க மெஷின் நின்னுபோனா, மறுநாள் பிரசவ வார்டுக்கு விரிப்பு எங்கேருந்து வரும்? அதுக்குப் பதிலே இல்லையே."

"என் மெஷின் நிக்காது."

"நின்னதே இல்லையா?"

யாமினா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். போன ரமலானில் ஒரு வாரம் கையால் துவைத்தது இருவருக்கும் மறக்கவில்லை.

இன்னொரு சலவைக்கூடத்தோடு சேர்ந்து கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள் கென்ஸா. அந்த அளவுக்குப் பெரியதாக ஊரில் இருப்பது மீமூனின் கூடம் மட்டும்தான். எங்கள் கல்யாண மண்டப வாடிக்கையைப் பறித்தவன். எங்களிடம் வேலை பார்த்த பெண்களில் இரண்டு பேரையும் கூடவே இழுத்துக்கொண்டான். யாமினா எழுந்துவிட்டாள்.

"வேற வழி சொல்லு, பொண்ணே."

"வேற வழின்னா இன்னொரு மெஷின் வாங்கணும்."

மீமூனிடம் போக அவளுக்கு மனசு வரவே நாளாயிற்று. போனபோது அவன் வாசலில் நாற்காலி போட்டு, வீங்கிய கால்களை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன லல்லா, வழி தப்பி வந்துட்டியா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். உன் மூஞ்சியைப் பாக்க ஆசைப்பட்டு இல்ல."

விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கும் போன வருஷம் அதே பதில்தான் வந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. யார் பேர் முதலில் என்று கேட்டான். தன் பேர் என்றாள் அவள். அவன் தண்ணீரைக் காலால் அளைந்தான்.

"சரி, உன் பேரே இருக்கட்டும். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல."

பிறகு எழுத்து வேலை. எந்தப் பதிலைச் சொன்னாலும் கென்ஸா "எப்படி?" என்பாள். வெந்நீர் எவ்வளவு சூடு, அழுக்கு மூட்டையும் சுத்த மூட்டையும் எந்த வாசலில், யார் பொறுப்பு. தனக்கு மூன்று வேன் என்று மீமூன் எழுதச் சொன்னான். மூன்றாவது வேனில் கோழி வளர்க்கிறான் என்று யாமினா போட்டு உடைத்தாள். கென்ஸா அந்த வரியை அடித்தாள். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஒத்திகையும் பார்த்தாள். மீமூன் போனிலேயே கத்தினான். ஆனாலும் வேன் வந்துவிட்டது.

துணி துவைத்து வராத அலுப்பு, தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டிருப்பதில் வருகிறது என்று வீட்டுக்கு நடக்கையில் சொன்னாள் யாமினா.

டெண்டரைப் பரிசீலிக்கும் ஆஸ்பத்திரிக் குழுவின் முன்னால் யாமினாவும் மீமூனும் போய் நின்றார்கள். நான் கதவோரம். எதிர்பார்த்த கேள்வியை ஒரு டாக்டரம்மா கேட்டார். கென்ஸா சொல்லிக்கொடுத்த வாக்கியம் யாமினாவுக்கு வாயில் வரவில்லை.

"நின்னா இவருக்குப் போன் பண்ணுவேன். திட்டுவாரு. திட்டி முடிக்கறதுக்குள்ள வேன் கிளம்பியிருக்கும். ஒரு தடவை பண்ணிப் பாத்துட்டோம்."

டாக்டரம்மா எதையோ குறித்துக்கொண்டார். மீமூன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும் எங்களுக்குக் கிடைத்தன. பெரிய பங்கான அறுவை சிகிச்சை அரங்கு காஸாபிளாங்காக் கம்பெனி ஒன்றுக்குப் போனது. எங்கே மதிப்பெண் விட்டோம், அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று கென்ஸா போனில் ஆரம்பித்தாள். அப்புறம் பேசலாம் பொண்ணே என்று யாமினா வைத்துவிட்டாள். மூட்டைகள் மேல் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

இப்போது விடிவதற்கு முன்பே துணி வந்துவிடுகிறது. எந்தச் சோப்புத்தூள் என்று மீமூனோடு தினமும் தகராறு. போன வாரம் நானும் அவளும் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். சந்தோஷமா இருக்கியா என்று கேட்டேன்.

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன். கொஞ்சம் உக்காந்தாத்தான் தெரியும்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ரொட்டியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.